ஆறு, ஏரி, குளம்: மனிதர் கைபட்டு என்னென்ன மாறின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்நிலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில உண்டு. அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, சிலவற்றுக்கு நாலு வரியே போதும். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

மாற்றம் என்றால் தண்ணீர் அழுக்கானதைத்தானே சொல்கிறீர்கள்?

அது ஒரு பகுதிதான், பெரிய பகுதி என்றுகூடச் சொல்ல மாட்டேன். அழுக்கு கண்ணுக்கும் மூக்குக்கும் உடனே தெரிந்துவிடுகிறது, அதனால் பேச்செல்லாம் அதைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் ஓர் ஆற்றில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அதோடு எவ்வளவு மணலும் வண்டலும் வருகிறது, வெள்ளம் வந்தால் கரை தாண்டிப் பக்கத்து நிலத்தில் பரவ இடம் இருக்கிறதா, கடலிலிருந்து ஒரு மீன் ஏறி வர வழி இருக்கிறதா, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஆறு. கடந்த 200 ஆண்டுகளில் நாம் அதிகம் குலைத்தது இந்தப் போக்குவரத்தைத்தான். கழிவுநீரை நிறுத்தினால் தண்ணீர் சில ஆண்டுகளில் தெளிந்துவிடும். அறுந்துபோன தொடர்பும் அடியில் படிந்த சேறும் அவ்வளவு சீக்கிரம் சரியாவதில்லை. கீழே உள்ள பதில்களில் சேறு, வண்டல் என்று அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான்.

தொழிற்சாலைகள் வந்த பிறகுதானே இதெல்லாம் தொடங்கியது?

இல்லை, ரொம்ப முன்பே. காட்டை வெட்டி உழத் தொடங்கிய நாளிலிருந்தே மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டுபோய் ஆற்றில் சேர்த்தது. எகிப்தில் ஹெல்வான் அருகே ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன்பே சத் எல் கஃபாரா என்ற அணையைக் கட்டினார்கள். வேலை முடிவதற்குள் வெள்ளம் அதை உடைத்துவிட்டது. சீனாவில் மின் ஆற்றில் கி.மு. 256 வாக்கில் அமைத்த துஜியாங்யான் பாசன அமைப்போ இன்றைக்கும் வேலை செய்கிறது. அது ஆற்றை மறிக்கவில்லை. நடுவில் ஒரு மேட்டைக் கட்டித் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது, படியும் வண்டலை அவ்வப்போது அள்ளிவிடுவதும் தொடக்கத்திலிருந்தே அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. அது இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீராலைகள், அதாவது ஓடும் நீரின் விசையில் இயங்கும் ஆலைகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1840 கணக்கெடுப்பின்படி 65,000-க்கும் மேற்பட்ட நீராலைகள் இருந்தன, பலவற்றுக்குப் பின்னால் ஒரு சிறு அணையும் இருந்தது. 2008-ல் வெளிவந்த ஒரு நிலவியல் ஆய்வு, அந்த வட்டாரத்து ஓடைகள் பலவற்றின் வடிவமே இந்த ஆலை அணைகளால் உண்டானது என்று காட்டியது. உயரமான மண்கரைகளுக்கு நடுவே ஒற்றை வாய்க்காலாக வளைந்து ஓடும் ஓடையைத்தான் இயற்கையானது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் அந்த மண்கரை அணைக்குப் பின்னால் தேங்கிய வண்டல், அணை போனபின் ஓடை அதை அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. அதற்கு முன் அங்கே நீர் பல சிறு கிளைகளாகச் சதுப்பு நிலத்தில் பரவி ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று யாராவது சொன்னால், எந்தப் பழைய நிலை என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வேட்டையும் ஓடைகளை மாற்றியிருக்கிறது. பீவர் என்ற விலங்கு மரக்கிளைகளை அடுக்கிச் சிறு அணைகள் கட்டி, ஓடை நெடுகக் குட்டைகளை உண்டாக்கும். தோலுக்காக அதை வேட்டையாடியதில் 1900 வாக்கில் ஐரோப்பா, ஆசியா முழுவதிலும் சேர்த்து ஏறத்தாழ 1,200 மட்டுமே மிஞ்சின. அவற்றோடு அந்தக் குட்டைகளும் போய்விட்டன.

அந்தக் காலத்தில் ஏரி எப்படி இருந்தது என்று இப்போது எப்படித் தெரியும்?

அடிச்சேற்றைத் தோண்டிப் பார்த்துத்தான். ஏரியின் அடியில் ஆண்டுதோறும் ஒரு மெல்லிய படலம் சேர்கிறது, மகரந்தம், பாசிகளின் ஓடுகள், புகைக்கரி, உலோகம் எல்லாம் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன. குழாயை இறக்கி அந்தச் சேற்றை உருளையாக எடுத்தால் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல ஆண்டு ஆண்டாகப் படிக்கலாம்.

கனடாவில் கிராஃபோர்டு ஏரி என்ற சின்ன ஏரி ஒன்று இருக்கிறது. சிறியது, ஆனால் ஆழமானது. அடிநீர் கலங்குவதே இல்லை என்பதால் படலங்கள் கலையாமல் இருக்கின்றன. அதில் 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலான படலங்களில் மக்காச்சோள மகரந்தம் கிடைத்தது. கரையில் வாழ்ந்த பூர்வகுடி மக்களின் பயிர் அது, அந்தக் காலத்திலேயே ஏரியின் பாசிகளும் மாறியிருக்கின்றன. மேலே வந்தால் 1950-களின் படலங்களில் அணுகுண்டுச் சோதனைகளின் புளூட்டோனியமும் நிலக்கரி எரித்த சாம்பல் துகள்களும் தெரிகின்றன. சுவீடன் ஏரிகளின் சேற்றில் கிரேக்க, ரோமானியக் காலத்து ஈயப் புகைகூடப் பதிந்திருக்கிறது. உருக்காலை எங்கோ தெற்கே, படிந்ததோ வடக்குக் காட்டுக்குள் இருக்கும் ஏரியில்.

அணை கட்டினால் என்ன? தண்ணீரை எப்படியும் கீழே விடத்தானே செய்கிறார்கள்?

தண்ணீரை விடுகிறார்கள், வண்டலை விட முடிவதில்லை. ஓடும் நீர் நீர்த்தேக்கத்தில் வந்து நின்றதும் அது சுமந்துவந்த மணலும் வண்டலும் அடியில் இறங்கிவிடும். அணையைத் தாண்டி வருவது சுமையில்லாத தெளிந்த நீர். அது ஓடும் வேகத்தில் கீழே இருக்கிற படுகையையும் கரையையும் அரித்துத் தனக்கு வேண்டிய மண்ணை எடுத்துக்கொள்ளும், படுகை ஆழமாகும், நிலத்தடி நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். கடைசியில் கடலோரக் கழிமுகத்துக்குப் புது மண் வராது. கழிமுகம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருக்கும் நிலம், வண்டல் வந்துகொண்டிருந்தால்தான் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும்.

நைல் ஆறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அஸ்வான் உயர் அணை 1970-ல் முடிந்தது. அதற்குமுன் ஆண்டுதோறும் 10 கோடி டன்னுக்கு மேல் வண்டல் வந்த ஆறு அது. இப்போது அந்த வண்டல் ஏறத்தாழ முழுவதும் நாசர் ஏரியில் தங்கிவிடுகிறது. கழிமுகக் கரையைக் கடல் அரிக்கிறது. வெள்ளத்தோடு கடலுக்குப் போன சத்து நின்றதால், அணை முடியும் முன்பே, நீர் தேங்கத் தொடங்கிய 1960-களின் நடுவிலேயே அந்தக் கடலில் மத்தி மீன்பிடி சரிந்தது. அந்த அணையால் எகிப்து பஞ்சத்திலிருந்தும் பெருவெள்ளத்திலிருந்தும் தப்பியது என்பதும் உண்மைதான், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

இன்னொன்று காலம். ஆற்று உயிர்கள் வெள்ளத்தையும் வறட்சியையும் பார்த்துத்தான் முட்டையிடுகின்றன, வலசை போகின்றன. மின்சாரத் தேவைக்கு ஏற்றபடி மாலையில் திறந்து இரவில் மூடினால் அந்தக் குறிப்புகள் எல்லாம் குழம்பிவிடும். ஆழத்திலிருந்து திறக்கும் நீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை 1963-ல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிய பிறகு, வெதுவெதுப்பான கலங்கல் நீரில் வாழ்ந்த நாட்டு மீன்களுக்கு அந்தக் குளிர் பெரிய அடியாக விழுந்தது. அந்த ஆறு 1960-களிலிருந்து கடலைத் தொடுவதே அரிது. 2014-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் பேசிவைத்துக் கொஞ்ச நாள் நீர் திறந்துவிட்டபோது மே மாதத்தில் அது கடலை எட்டியது. சீனாவின் மஞ்சள் ஆறோ 1997-ல் 226 நாட்கள் கடலுக்குப் போய்ச் சேரவில்லை. மேலே அளவுக்குமீறி எடுத்துக்கொண்டதும் அந்த ஆண்டின் வறட்சியும் சேர்ந்து செய்த வேலை.

எவ்வளவு பரவலான விஷயம் இது என்று கேட்டால்: 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆறுகளில் தொடக்கம் முதல் முடிவு வரை தடையின்றி ஓடுபவை 37 சதவீதம்தான் என்று 2019-ல் ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பிய ஆறுகளில் மட்டும் 12 லட்சம் தடுப்புகளாவது இருக்கும் என்கிறது 2020-ல் வந்த இன்னொன்று. அவற்றில் பெரும்பாலானவை பெரிய அணைகள் இல்லை, இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாத தடுப்புகள். மீனுக்கு அதுவே போதும், அதற்கு மேல் ஏற முடியாது.

அப்படியானால் எல்லா அணைகளையும் உடைக்க வேண்டுமா?

வேண்டாம். குடிநீரும் பாசனமும் அணையை நம்பியிருக்கும் இடத்தில் அப்படிப் பேசுவது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் பயன் முடிந்துபோன அணை, வண்டலால் நிரம்பிய அணை, பழுதாகி ஆபத்தாக நிற்கும் அணை என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை அகற்றலாம், அகற்றியும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 1913-லும் 1927-லும் முடிந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக எடுத்தார்கள். தேங்கிய வண்டல் இறங்கியதில் முகத்துவாரத்தில் அரிக்கப்பட்டிருந்த கரை திரும்ப வளர்ந்தது, சால்மன் மீன்கள் பழைய இடங்களுக்கு ஏறின. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுக்கும் வேலை 2024-ல் முடிந்தது, சில வாரங்களிலேயே நூறாண்டுக்கும் மேலாக எட்டாதிருந்த கிளை ஓடையில் சால்மன் தென்பட்டது. கட்டாயம் வேண்டிய அணைகளிலும் வண்டலை வெளியேற்ற அடி மதகு வைப்பது, பருவத்தை ஒட்டி நீர் திறப்பது என்று செய்ய நிறைய இருக்கிறது. மஞ்சள் ஆற்றின் சான்மென்சியா அணை 1960-ல் நீர் தேக்கியதுமே வண்டலால் வேகமாக நிரம்பியது, அப்புறம் அதை மாற்றிக் கட்டித்தான் வண்டல் வெளியேற வழி செய்தார்கள்.

ஆற்றை நேராக்கிக் கரையை உயர்த்தினால் வெள்ளம் குறையுமே?

அந்த இடத்தில் குறையும், கீழே உள்ளவர்களுக்குக் கூடும். ரைன் ஆற்றின் மேற்பகுதியை நேராக்கும் வேலை பொறியாளர் துல்லாவின் திட்டப்படி 1817-ல் தொடங்கி 1876-ல் முடிந்தது. வளைவுகளை வெட்டியதில் ஆற்றின் நீளம் 81 கிலோமீட்டர் குறைந்தது. அந்த ஊர்களில் வெள்ளமும் மலேரியாவும் குறைந்தன, விளைநிலம் கூடியது. ஆனால் ஓட்டம் வேகமானதால் படுகை பல மீட்டர் ஆழத்துக்கு அரிக்கப்பட்டது, வெள்ளச் சமவெளிக் காடுகள் காய்ந்தன, பின்னால் கட்டிய தடுப்பணைகளும் சேர்ந்து வெள்ள அலையைக் கீழ்ப்பகுதிக்கு முன்னைவிடச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்றைக்கு அதே ஆற்றோரத்தில் வெள்ளம் பரவுவதற்கென்று நிலத்தைத் திரும்ப விட்டுக்கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் இதற்காகவே ஒரு தேசியத் திட்டம் போட்டு 30-க்கும் மேற்பட்ட இடங்களில் கரைகளைப் பின்தள்ளினார்கள், தாழ்த்தினார்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிஸ்ஸிம்மி ஆறு 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியது. 1962 முதல் 1971 வரை வேலை செய்து அதை 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக்கினார்கள். நீர்ப்பறவைகள் போயின, சதுப்பு நிலம் வற்றியது, சத்துகள் வடிகட்டப்படாமல் நேராகக் கீழே உள்ள ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. 1999-ல் கால்வாயின் ஒரு பகுதியை மூடி வளைவுகளுக்கு நீர் திருப்பும் வேலை தொடங்கியது, முடிய 2021 ஆனது. கெடுக்க 9 ஆண்டு, அதில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்ய 22 ஆண்டு.

ஆற்று மணல் எடுத்தால் புது மணல் வந்துவிடாதா?

வரும், மலை தேய்ந்து மணலாகி வர எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலம் கழித்து. மேலே அணை இருந்தால் அதுவும் வராது. உலகத்தில் ஓர் ஆண்டில் எடுக்கப்படும் மணலும் சரளையும் 5,000 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. எல்லாம் ஆற்றிலிருந்து இல்லை, ஆனால் கட்டடத்துக்கு ஆற்று மணலைத்தான் விரும்புகிறார்கள், பாலைவன மணல் துகள்கள் காற்றில் உருண்டு வழுவழுப்பாகிவிடுவதால் கான்கிரீட்டுக்கு அவ்வளவாகச் சேராது. படுகை இறங்கினால் கிணறுகள் வற்றும், கழிமுகத்தில் உப்புநீர் உள்ளே ஏறும், பாலத் தூண்களின் அடி வெளியே தெரியும். போர்ச்சுகலில் டோரு ஆற்றுப் பாலம் 2001 மார்ச்சில் இடிந்து 59 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மணல் எடுத்ததில் தூணின் அடிமண் போயிருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று.

குளமும் ஏரியும் திடீரென்று பச்சைப் பசேலென்று ஆவது ஏன்?

சத்து கூடிப்போவதால். எல்லாச் சத்துகளிலும் பாஸ்பரஸ்தான் பெரும்பாலும் சாவி. இது ஒரு காலத்தில் பெரிய சண்டையாகவே நடந்தது, சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பேட் காரணமில்லை, கார்பன்தான் காரணம் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். 1973-ல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழு ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் ஆயிரம் அறிக்கைகள் செய்யாததைச் செய்தது.

பாசி பெருகுவதோடு முடிவதில்லை. அது செத்து அடியில் இறங்கும், அதை மட்கவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலிருந்து முன்பு படிந்த பாஸ்பரஸ் திரும்பக் கரைந்து வெளிவரும், அடுத்த ஆண்டுப் பாசிக்கு அதுவே உரம். வெளியே இருந்து வருவதை முழுக்க நிறுத்தினாலும் ஏரி பல ஆண்டுகள் பச்சையாகவே இருப்பது இதனால்தான்.

சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரிக்கு வந்த கழிவுநீரை 1963 முதல் 1968-க்குள் வேறு பக்கம் திருப்பினார்கள், ஏரி 1970-களில் தெளிந்தது. ஆழமான ஏரி, நீர் சீக்கிரம் மாறும் ஏரி, அதனால் அந்த வேகம். ஈரி ஏரியின் கதை வேறு. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டுச் சலவைத்தூள், கழிவுநீர் பாஸ்பரஸைக் குறைத்ததும் அது தேறியது. ஆனால் வயல்களிலிருந்து கரைந்து வரும் பாஸ்பரஸால் 1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்ப வந்தது. 2014 ஆகஸ்டில் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலிடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குழாய்நீர் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதிக்கவைத்தால் போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். குழாயில் வரும் கழிவைப் பிடித்து நிறுத்தலாம், ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து வருவதை நிறுத்துவதுதான் இன்றைய கஷ்டம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் நல்ல நீர்நிலைதானே?

எப்போதும் இல்லை. அமில மழையால் கெட்ட சுவீடன், நார்வே ஏரிகளில் பல மிகத் தெளிவாக இருந்தன. மீனும் பாசியும் குறைந்துபோனதால் வந்த தெளிவு அது. நிலக்கரி, எண்ணெய் எரித்த கந்தகப் புகை எல்லை தாண்டிப் போய் மழையோடு இறங்கியதில் அப்படி ஆனது. சுவீடன் 1970-களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருக்கிறது, நிஜமான முன்னேற்றம் வந்ததோ புகையைக் கட்டுப்படுத்திய பிறகுதான். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988-ல் கண்டுபிடிக்கப்பட்ட வரிச்சிப்பிகள், கப்பல்கள் சமநிலைக்காக அடியில் ஏற்றிவரும் நீரில் வந்தவை. அவையும் அவற்றுக்குப் பின் வந்த உறவுச் சிப்பியும் நீரை ஓயாமல் வடிகட்டி மிச்சிகன் ஏரியைத் தெளிவாக்கிவிட்டன. மீன் குஞ்சுகளுக்கு இரை இல்லை.

நச்சுக்கு நிறமும் கிடையாது. ஜப்பானில் ஜின்சு ஆற்றோடு வந்த காட்மியம் வயலுக்கும் அங்கிருந்து உடம்புக்கும் போய் எலும்பை நொறுங்கவைத்தது. அதை மாசினால் வந்த நோய் என்று அரசு 1968-ல்தான் ஏற்றுக்கொண்டது.

வெளியிலிருந்து மீனோ செடியோ கொண்டுவந்து விட்டால் என்ன கெடுதல்?

திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் முதல் கெடுதல். விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் மீனை விட்டார்கள். 1980-களில் அது பெருகியது, வேறெங்கும் இல்லாத சிக்லிட் மீன்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின. கரைகளில் மண்ணரிப்பும் கழிவும் கூடி நீர் கலங்கியதும் அதற்குத் துணைபோனது, அந்த மீன்கள் நிறம் பார்த்துத்தான் துணை தேடும். பெர்ச் ஏற்றுமதியால் பலருக்கு வேலை கிடைத்தது என்பதும் சேர்ந்தே சொல்ல வேண்டியது. அதே ஏரியில் 1980-களின் இறுதியில் தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரை பரவியது. அதைத் தின்னும் கூன்வண்டுகளை விட்ட பிறகு கொஞ்சம் அடங்கியது. சத்து மிகுந்த நீர் இருக்கும்வரை ஆகாயத்தாமரையை வாரிப்போட்டாலும் அது திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு பெரிய ஏரியே இல்லாமல் போகுமா?

போயிருக்கிறது. ஆரல் கடல் என்று பெயர், ஆனால் ஏரிதான். 1960-ல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் தந்த ஆமு தாரியா, சிர் தாரியா இரண்டையும் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. கால்வாய்களில் பூச்சுகூட இல்லாததால் பெருமளவு நீர் மணலுக்குள்ளேயே போனது. 1987-ல் ஏரி இரண்டாகப் பிரிந்தது, 2007 வாக்கில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மொய்னாக் துறைமுக ஊராக இருந்தது, இப்போது அதைச் சுற்றிப் பாலைவனம். காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசு கிளம்பி ஊர்களில் விழுகிறது. இங்கேயும் அடிச்சேறுதான் கடைசியில் வந்து நிற்கிறது, நீர் போனபின் அது காற்றில் ஏறிவிட்டது.

கசாக்ஸ்தான் 2005-ல் வடக்குப் பகுதிக்குக் குறுக்கே கோக்-ஆரல் அணையைக் கட்டியது. அங்கே நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக உயர்ந்து, உப்பு குறைந்து, மீன்பிடியும் திரும்பியது. தெற்குப் பகுதிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

சின்னக் குட்டைக்கெல்லாம் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம். ஒரு வட்டாரத்தின் ஆறு, ஓடை, குளம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தென் இங்கிலாந்தில் ஆய்வு செய்தபோது அதிக வகைச் செடிகளும் பூச்சிகளும் குளங்களில்தான் இருந்தன. ஒவ்வொரு குட்டையும் ஒவ்வொரு மாதிரி, ஆழம் வேறு, மண் வேறு, மீன் உள்ளது, மீன் இல்லாதது, கோடையில் வற்றுவது. வற்றுவதே சில தவளைகளுக்கு வசதி, முட்டையைத் தின்ன மீன் இருக்காது. ஆனால் சிறியதாக இருப்பதாலேயே வரைபடத்திலும் சட்டத்திலும் அவை விடுபட்டுப்போகின்றன, ஒரே நாளில் மண் கொட்டி மூடிவிடலாம். 1700-லிருந்து உலகின் ஈரநிலங்களில் 21 சதவீதம் போய்விட்டது, அதாவது ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டர், என்று 2023-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பகுதி விவசாயத்துக்காக வடித்தது.

நகரத்துக்குள் ஓடும் ஓடைகள் ஏன் எப்போதும் மோசமாக இருக்கின்றன?

கூரையும் சாலையும் மழைநீரை மண்ணுக்குள் விடுவதில்லை. அதனால் மழை பெய்தால் அரை மணி நேரத்தில் ஓடை நிரம்பி அரிக்கிறது, மழை நின்றால் ஊறி வர நிலத்தடியில் நீர் இல்லாமல் வெறும் கழிவு மட்டும் ஓடுகிறது. நாற்றம் தாங்காமல் மூடிவிடுகிறார்கள். சியோல் நகரத்தின் சியோங்யேசியோன் ஓடையை 1958 முதல் மூடி மேலே சாலையும் மேம்பாலமும் போட்டார்கள். 2003-ல் இடிக்கத் தொடங்கி 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். மக்கள் நடமாடும் அழகான இடமாகிவிட்டது, மீன்களும் வந்தன, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்பு செய்து விடும் நீர், அந்த ஓடையின் சொந்த நீர்ப்பிடிப்பு இன்னும் கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கிறது.

பூமி சூடாவதும் இதில் சேருமா?

சேரும். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மேல்நீர் சூடானால் குளிர்ந்த அடிநீரோடு கலப்பதும் குறையும். பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளைச் சேர்ந்த 393 ஏரிகளின் பதிவுகளைப் பார்த்த 2021 ஆய்வில், 1980-க்குப் பிறகு மேல்நீரில் ஆக்சிஜன் 5.5 சதவீதமும் ஆழத்தில் 18.6 சதவீதமும் குறைந்திருந்தது. ஆழத்தில் ஆக்சிஜன் போனால் சேற்றிலிருந்து பாஸ்பரஸ் கிளம்பும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுவும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

கெட்ட ஆறு மீளுமா?

தண்ணீர் மீளும், அதில் சந்தேகமே வேண்டாம். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே தவித்தது. பசல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய கழிவுநீர்க் குழாய்களை அமைத்தார், ஆனால் அவை கழிவைக் கிழக்கே தள்ளிக் கொண்டுபோய்த்தான் விட்டன. சுத்திகரிப்பு போதாமல் 1957-ல் அந்த ஆறு நகரப் பகுதியில் உயிரற்றது என்று அறிவிக்கப்பட்டது. நிலையங்களை மேம்படுத்திய பிறகு 1974-ல் சால்மன் ஒன்று கிடைத்தது. ரைனில் 1986 நவம்பர் 1-ஆம் தேதி பாசெல் அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீரோடு பூச்சிமருந்து ஆற்றில் இறங்கியதில் விலாங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கரையோர நாடுகள் 1987-லேயே பொதுத் திட்டம் போட்டன, 1990-களில் சால்மன் திரும்பியது.

மீளாதது அற்றுப்போன இனம். சீனாவின் யாங்ட்சி ஆற்றில் வாழ்ந்த பெய்ஜி என்ற ஓங்கிலை (டால்பினை) 2006-ல் ஆறு வாரம் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதே ஆற்றின் துடுப்புமூக்கு மீன், 1981-ல் நீர் தேக்கிய கெசோபா அணையால் முட்டையிடும் இடத்துக்குப் போக முடியாமல், இப்போது அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே மிஞ்சியிருக்கும், ஓங்கிலைப் போன்ற துடுப்பில்லாக் கடற்பன்றிக்கு இன்னும் நேரம் இருக்கிறது: 2021-ல் பத்தாண்டு மீன்பிடித் தடை வந்தது, 2017-ல் 1,012 ஆக இருந்த எண்ணிக்கை 2022-ல் 1,249 ஆனது.

எங்கள் பக்கத்துக் குளத்தைத் தூர்வாரினால் போதுமா?

கேட்க வேண்டிய முதல் கேள்வி, கழிவும் மண்ணும் வருவது நின்றுவிட்டதா என்பது. நிற்காமல் தூர்வாரினால் சில ஆண்டுகளில் அதே நிலைதான். நின்ற பிறகும் குளம் தேறவில்லை என்றால் அப்போது சேறுதான் பிரச்சினை. சுவீடனின் ட்ரும்மன் ஏரியில் அதுதான் நடந்தது, கழிவுநீர் நின்று பத்தாண்டுக்கு மேலாகியும் பாசி போகவில்லை. 1970, 1971-ல் சத்து மிகுந்த மேல்சேற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் உறிஞ்சி எடுத்தார்கள், நீர் தெளிந்தது.

எவ்வளவு தோண்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். அடியில் இருக்கும் களிமண் படலத்தைக் கிழித்துவிட்டால் நீர் நிற்காமல் இறங்கிப்போகும். குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வெட்டிக் கரையைச் செங்குத்தாக நிறுத்தினால் கோரையும் நாணலும் வளரும் ஆழம் குறைந்த ஓரம் போய்விடும், மீன் குஞ்சும் தவளையும் நாரையும் வாழும் இடம் அதுதான். ஓரங்களைச் சரிவாக விடச் சொல்லுங்கள். தொழிற்சாலைக் கழிவு வந்த குளம் என்றால் தோண்டும் முன்பே சேற்றில் உலோகம் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், கலக்கிவிட்டால் அடங்கிக் கிடந்தது மேலே வரும். அள்ளிய சேறு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். கரையிலேயே குவித்துவைத்தால் அடுத்த மழைக்கு அத்தனையும் திரும்பக் குளத்துக்குள்தான் வரும்.